மகாலட்சுமி முகம் போட்ட மத்தாப்புப் பெட்டி

மகாலட்சுமி இன்று காலையில் போய்விட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில்... இருபது வயதுகூட முடியவில்லை.

சிவகாசியில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில், என் பக்கத்தில் உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிய பிள்ளை. தாடை எலும்பில் கேன்சர். சின்ன வயதில் அபூர்வமாக வருமாம்.

கன்னம் வீங்கியதும், பொன்னுக்கு வீங்கிதான் என்று அவள் பெரியம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மனுக்கு ஆகாதாம். வீக்கம் வற்றவே இல்லை. சங்கிலியைத் திரும்ப வாங்க மட்டும் பெரியம்மா மறக்கவில்லை. நானும் எதையும் மறக்கவில்லை.

அது கிடக்கட்டும். பெட்டிக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்...

வீக்கம் வருமுன்பே, புது மத்தாப்பு லேபிளுக்கு அவளைப் போட்டோ எடுத்திருந்தார்கள். லேபிள் அச்சுக்குப் போவதற்குள் ஆபரேஷன். ஒரு பக்கத் தாடையை எடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்பெடுத்து வைத்துத் தைத்தார்கள். தேறி வேலைக்கு வந்தாள்.

மேனேஜர் அவள் காதுபடவே சொன்னார். "பழைய போட்டோவையே போட்டுருவோம். இந்த மூஞ்சியப் பாத்தா எவன் வாங்குவான்?"

"அண்ணாச்சி, அந்தப் போட்டோவுல உள்ள புள்ள இப்ப இங்கன இல்ல," என்றாள் மகாலட்சுமி. " போட்டா இந்த மூஞ்சியப் போடுங்க. இல்லேன்னா ஒரு பூனையப் போட்டுக்கோங்க."

எங்கள் வரிசையே சிரித்தது. ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை... நான் பசைச் சட்டியை மூடி வைத்தேன். அடுத்தவளும் மூடினாள். அன்றைக்கு ஒருத்தியும் லேபிளைத் தொடவில்லை. லோடு அப்படியே நின்றது.

சாயங்காலம் முதலாளியே என்னிடம் வந்தார். "சரி ஆச்சி, அந்தப் புள்ளைய இப்ப இருக்க மூஞ்சியோடயே எடுக்கச் சொல்லுதேன். வேலையப் பாருங்க."

கம்பெனிக்குள் நெருப்பு ஆகாதே... ரோட்டோரப் பொட்டலில் வைத்து எடுத்தார்கள். கையில் மத்தாப்பு, கோணிய வாய், அம்புட்டுச் சிரிப்பு. வெயிலுக்கு மேனேஜர்தான் அவளுக்குக் குடை பிடித்தார். பிடிக்கட்டும்.

அப்புறம் நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

அவள் முகம் ஒட்டிய முதல் பெட்டியை, மத்தாப்பைக் கொட்டிவிட்டு, முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேச்சு குழறியது, வாய்த்துடுக்கு குறையவில்லை.

"நீங்க ஒட்டுனதா ஆச்சி? ஓரம் தூக்கிட்டு நிக்கி."

"உன் மூஞ்சி ஒட்டுன எடத்துல நிக்க மாட்டேங்கு ஏ புள்ள, அதான்."

கட்டை விரலால் அந்த ஓரத்தை அழுத்திக்கொண்டே படுத்திருந்தாள்.

இன்றைக்கு அந்தப் பெட்டிகள் லாரி ஏறிவிட்டன. வடக்கே போகிற லோடு.

போயிட்டு வா தாயி. எல்லா ஓரத்தையும் அழுத்தித்தான் ஒட்டியிருக்கேன்.