மூன்று லேப், ஒரே ரத்தம்

சாக்லேட்டை ஜிகினாத் தாளில் சுற்றி, இரண்டு முனைகளையும் முறுக்கியதும் ரோஷன் பேகம் அதைக் காதோரம் கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஆடும் சத்தம் கேட்டால் முறுக்கு போதவில்லை என்று அர்த்தம். உடனே பிரித்து மறுபடி முறுக்குவார். கடை வாசலில் ஒரு பஸ் நிறையச் சுற்றுலாக்காரர்கள் நின்றாலும் இந்தச் சோதனை நடந்தே தீரும். கொடைக்கானல் ஏரிக்குப் போகிற சாலையில் கடைக்குக் கடை 'ஹோம்மேட் சாக்லேட்' பலகை தொங்குகிறது. உண்மையிலேயே வீட்டில் செய்வது தான் ஒருத்திதான் என்று இவர் சொல்லுவார். பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் இதில் கருத்துச் சொல்வதில்லை. எனக்கு எல்லாக் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்கள்.

ஐம்பதைத் தொட்ட வயது. சேலை மேல் ஒரு மெரூன் ஸ்வெட்டர், அதன் மேல் முக்காடு. மலையாளமும் இந்தியும் இங்கிலீஷும் கடைக்குத் தேவையான அளவு தெரியும். தமிழ் மட்டும் தேவைக்கு மேல் தெரியும். "தின்னு பாருங்க, பிடிச்சா வாங்குங்க, பிடிக்காட்டி வெரசா நகருங்க, பின்னால ஆளு நிக்கிது" என்று ஒரே மூச்சில் வரவேற்பும் வழியனுப்பும் முடிந்துவிடும். கோபித்துக்கொண்டு போனவர்களை நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே அரைக் கிலோ வாங்குகிறார்கள்.

எதையும் மூன்று இடத்தில் விசாரிக்காமல் நம்ப மாட்டார். முந்திரிக்கு மூன்று கடை, ஜிகினாத் தாளுக்கு மூன்று கடை. மகள் ஆலிமாவுக்குக் காலேஜ் தேடியபோதும் மூன்று காலேஜ் வாசலில் நின்று, வெளியே வருகிற பிள்ளைகளை நிறுத்திக் கேட்டவர். "ஒருத்தன் பொய் சொல்லுவான், ரெண்டாவது ஆளு கூட்டிச் சொல்லுவான். மூணாவது எடத்துலதான் தம்பி உண்மை வெளிய வரும்" என்பார். இந்தப் பழக்கம்தான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

போன டிசம்பரிலிருந்து காலையில் அவருக்கு விரல்கள் மடங்கவில்லை. கடை ஷட்டரை நான்தான் தூக்கிவிட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து சாக்லேட் தட்டை எடுத்தால் விரல் நுனிகள் வெளுக்கும், பிறகு நீலம் பாயும், கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்து எரியும். நடுப்பகலிலேயே அசந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். கேட்டால் பழி முதலில் ஃப்ரிட்ஜ் மேல் விழுந்தது, அப்புறம் பனி மேல். கடைசியில் அவர் கணவர் இஸ்மாயில் வாங்கி வந்த புது கம்பெனி சாக்லேட் கட்டி மேல் வந்து நின்றது. கணவர் டாக்ஸி ஓட்டுகிறவர். பழி ஏற்றுப் பழக்கமுள்ளவர், இதையும் ஏற்றுக்கொண்டார்.

ஊர் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடம்பையே தாக்குகிற வியாதியாக இருக்கலாம் என்று சந்தேகம். பேகம் இதை பஜார் முழுக்க விளக்கினார்: "காவலுக்கு வச்ச ஆளே வீட்டுக்குள்ள பூந்து அடிக்கிறானாம். நாம யாருகிட்டப் போயி பிராது குடுக்க?"

கொடைக்கானல் லேப்பிலிருந்து ரிப்போர்ட் அவர் போனுக்கு வந்தது. பிரிண்ட் எடுக்க என்னிடம் வந்தார். மெஷினிலிருந்து தாள் முழுதாக வெளியே வருவதற்குள், "தடிச்ச எழுத்துல எத்தனை இருக்கு தம்பி?" என்றார். அளவு தாண்டியதைத்தான் லேப்காரர்கள் தடித்த எழுத்தில் அடிப்பார்கள் என்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இருந்தன. அதில் ஒன்று, இந்த வியாதிக்கென்றே பார்க்கிற சோதனை. லேசான பாசிட்டிவ் என்று போட்டிருந்தது.

லேசான என்றால் எவ்வளவு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆகவே பேகம் பழனிக்குப் போய் அதே சோதனையை எடுத்தார். நெகட்டிவ். திண்டுக்கல்லில் எடுத்தார். எல்லைக்கோட்டில் இருக்கிறது, சில வாரம் கழித்து மறுபடி எடுக்கவும் என்று வந்தது. மூன்றாவது இடத்தில் உண்மை வெளியே வரும் என்கிற அவருடைய கணக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவிழ்ந்தது. ஆனாலும் அசரவில்லை. பழனி ரிப்போர்ட்டை மட்டும் லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னார். "அந்த லேப்புலதான் சோலி சுத்தம். ஊசி குத்துனதே தெரியல" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தேன்.

கூட்டம் இல்லாத ஒரு சாயங்காலம், நான் கேட்காமலே சொன்னார்: "பண்ணைக்காட்டுல எங்க பெரியம்மா இருந்தாக தம்பி. வெரலெல்லாம் கோணிப்போயி, சோத்தப் பிசைஞ்சு திங்க முடியாது. மருமகதான் ஊட்டி விடும். நான் அதக் கண்ணால பாத்தவ." சொல்லிக்கொண்டே ஒரு சாக்லேட்டை முறுக்கினார். முறுக்கு நிற்கவில்லை. இந்த அம்மாள் மூன்று ஊர் அலைந்தது உண்மையைத் தேடி அல்ல, 'ஒன்றுமில்லை' என்கிற ஒரு சொல்லைத் தேடித்தான்.

மதுரையில் மூட்டு நோய்களுக்கான டாக்டரைப் பார்க்க மார்ச் மாதத்தில் நாள் வாங்கினார். சீசன் தொடங்குவதற்குள் போய் வர வேண்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணத்தைக் காட்ரோட்டு மலைப்பாதையில் இறங்கும்போது, ரிப்போர்ட்டின் இங்கிலீஷைப் படித்துச் சொல்லத் துணைக்கு வந்த என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். "மதுர வெயிலுக்கு எந்த வெரல் வெளுக்கும்? வத்தலக்குண்டு தாண்டிட்டா எனக்கு ஒரு நோவும் கெடையாது. நீங்க பாட்டுக்கு வாயத் தெறக்காம இருங்க." அடிவாரத்து வத்தலக்குண்டு தாண்டியதும் நிஜமாகவே விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த இஸ்மாயில் கண்ணாடியில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பாவம், அவருக்குச் சதி தெரியாது.

மதுரை ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு அவர் வண்டி நிறுத்த இடம் தேடிப் போக, நாங்கள் உள்ளே போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். அறையில் ஏசி எங்கள் ஊர் மூடுபனிக்குச் சவால் விட்டுக்கொண்டிருந்தது. பேகம் போட்ட திட்டத்தில் ஏசி இல்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் கைகள் முந்தானைக்குள் போய்விட்டதைக் கவனித்தேன். பழனி ரிப்போர்ட்டை மேலே வைத்து மூன்றையும் நான் நீட்டினேன்.

டாக்டர் நிதானமாகப் படித்தார். "இந்த டெஸ்ட் நோயே இல்லாதவங்களுக்கும் லேசா பாசிட்டிவ் காட்டும்மா. நோய் இருந்தும் சிலருக்குக் காட்டாது. லேப்புக்கு லேப் முறையும் வேற. மூணையும் கூட்டி மூணால வகுக்க முடியாது. பேப்பர் பாதிதான், மீதிய நீங்கதான் சொல்லணும். வெயில்ல போனா முகம் சிவக்குதா?"

"வெயிலப் பாத்து நாளாச்சுங்க. நாங்க கொடைக்கானலு."

டாக்டர் சிரித்துவிட்டார். "குளிர்ல விரல் வெளுக்குதா?"

"அதெல்லாம் இல்லைங்க."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சரி. இதுக்குப் பேர் வைக்க இன்னும் சில மாசம் ஆகலாம், வருஷமும் ஆகலாம். பேர் தெரியற வரைக்கும் மருந்துக்குக் காத்திருக்கணும்னு இல்ல. அடையாளம் இருந்தா இப்பவே மாத்திரை ஆரம்பிச்சிடலாம். ஆரம்பத்துலயே பிடிச்சா பெரும்பாலும் விரல் கோணாது. மறைச்சு வச்சு லேட்டா வர்றவங்களுக்குத்தான் கஷ்டம்."

"கோணாதுங்களா?"

"பெரும்பாலும் கோணாது."

பேகம் என்னைப் பார்த்தார். பிறகு மேஜை மேலிருந்த பழனி ரிப்போர்ட்டை முழங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, சுண்ணாம்பாக வெளுத்திருந்த விரல்களை டாக்டருக்கு முன்னால் அகல விரித்து வைத்தார்.