ஹலீம் நானா அமர்ந்த சஹன்

அலவத்துகொடையில் பாக்கு வியாபாரம் செய்த ஹலீம் நானாவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் ஒரு விரல், பிறகு கை முழுவதும். இது குணமாகாது, மெல்ல மெல்லக் கூடும் என்று கண்டி டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நானா சில நாள் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தார். படுத்திருந்தாலும் கை ஆடத்தான் செய்தது. அதற்கு எழுந்து நடமாடுவது மேல் என்று பட்டது.

மனுஷன் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. தேத்தண்ணியைப் பாதிக் கோப்பை மட்டும் ஊற்றச் சொல்வார். சிந்தாது, அதோடு இரண்டு தரம் குடித்த திருப்தியும் கிடைக்கும். மகளின் குழந்தை அழுதால் ஆடும் கையை அதன் முதுகில் வைப்பார். குழந்தை அப்படியே தூங்கிப்போகும். "இப்பதான் என்ட கைக்கு ஒரு தொழில் கெடச்சீக்கி" என்று மனைவி றம்லத்திடம் பெருமை அடித்துக்கொள்வார்.

ஒன்றை மட்டும் அவரால் சமாளிக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகத் தின்பார்கள். நானாவுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் உலகத்தில் கிடையாது. இப்போதோ, வாய்க்குப் போகுமுன் சோற்றில் பாதி சிதறியது. அடுத்தவன் மடியில் கொட்டிவிட்டு எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது? காய்ச்சல், வயிற்று வலி என்று ஆளுக்கொரு பொய் சொல்லி எல்லா அழைப்பையும் தட்டிக் கழித்துவந்தார்.

தம்பி மர்சூக்கின் மகள் கல்யாணத்தில் அந்தப் பொய் எடுபடவில்லை. "நீங்க போகாட்டித் தம்பிட மனசு ஒடஞ்சிடும்" என்று றம்லத் துரத்தாத குறையாக அனுப்பிவைத்தாள். பந்தலின் மூலையில் ஒதுங்கி நின்றவரை மர்சூக் இழுத்துப்போய் ஒரு சஹனில் உட்கார்த்தினான்.

"எனக்குத் தனியா ஒரு பீங்கான்ல போட்டுத் தா தம்பி. இவங்கட உடுப்பெல்லாம் நாசமாகும்."

"பேசாமத் தின்னுங்க நானா."

முதல் பிடியே பக்கத்தில் இருந்த றவூப் ஹாஜியாரின் வெள்ளைச் சாரத்தில் விழுந்தது. அவர் கண்டியில் புடவைக்கடை வைத்திருப்பவர். நானாவுக்கு அவ்வளவாகப் பழக்கமும் இல்லை. நானாவுக்கு உயிரே போய்விட்டது. எழுந்துவிடலாம் என்று காலை மடக்கினார்.

ஹாஜியார் மடியில் கிடந்த சோற்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். எந்தப் பருக்கையில் பறக்கத் என்ற இறையருள் இருக்கிறதோ, விழுந்ததை எடுத்துத் தின்ன வேண்டும் என்று ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பதுதான். நானாவே தன் பிள்ளைகளை அதற்காக எத்தனையோ முறை அதட்டியிருக்கிறார். தன் கையிலிருந்து விழுவதும் அந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த பிடி பாயில் சிதறியது. அதை வேறொருவர் பொறுக்கித் தின்றார். யாரும் அவரைப் பாவம் பார்க்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

எதிரே இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் மட்டும் முறைப்பாடு வைத்தார். "என்ன நானா, எல்லாத்தையும் அந்தப் பக்கமே போடுறீங்க? இஞ்சாலயும் கொஞ்சம் ஆட்டுங்களே."

எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். கண் கலங்கியதை யாரும் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். இவ்வளவு நாளும் வீணாக அல்லவா பட்டினி கிடந்தோம் என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது. மர்சூக் இறைச்சிச் சட்டியோடு வந்ததும், இன்னும் போடச் சொல்லி முதலில் கேட்டவர் அவர்தான்.