கண் மூடாத ஜெபம்

சாராள் டீச்சர் இறந்துவிட்டார் என்று மஞ்சக்குட்டை ஜீப் டிரைவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவன் சொல்வதில் பாதி புளுகு. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அப்போதும் உள்ளே போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுதேன். கேட்டதை உடனே நம்பாதே என்று, பள்ளியில் கூட வேலை பார்த்த எனக்குப் பழக்கியவரே அவர்தான்.

நம் சபையில் அவரை அறிந்த உங்களில் பலருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஜெபத்தில் அவர் கண்ணை மூடமாட்டார். பரீட்சை ஹாலில் காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கிறவர் சபையிலும் அதே வேலையைப் பார்க்கிறார் என்று கேலி செய்தோம். ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“சாத்தான் கொம்பு வெச்சுக்கிட்டு வரமாட்டான் கண்ணு. வெள்ளைச் சட்டை போட்டு, கக்கத்துல பைபிளோட வருவான். நாம கண்ண மூடறதுதான் அவனுக்கு நொம்ப வசதி” என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலைக்குக் கீழிருந்து ஓர் ஊழியக்காரர் வந்து ஒண்டிக்கடைப் பக்கம் ஜெபக்கூட்டம் நடத்தினார். நாகலூர் எஸ்டேட்டில் காப்பி பறிக்கும் குடும்பத்துப் பெண் ரெபேக்காளை அவர் முன் உட்காரவைத்தார்கள். அடிக்கடி வலிப்பு வந்து விழுவாள். பிசாசு பிடித்திருக்கிறது என்று பெற்றவர்களே நம்பினார்கள். எல்லோரையும் கண் மூடச் சொல்லிவிட்டு, அவள் தோளில் கைவைத்து, “வெளியே போ!” என்று அதட்டினார். அவள் அலறினாள். பிசாசுதான் அலறுகிறது என்று நாங்கள் நடுங்கி, கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டோம்.

“ஏனுங்க ஐயா, அந்தக் கட்டவெரல எடுங்க. எலும்பப் பாத்து அப்படி அழுத்துனா யாருதான் கத்தமாட்டாங்க?”

டீச்சரின் குரல். ஊழியக்காரர் அசரவில்லை. “பிசாசு இந்தம்மாவுக்குத் தாவிருச்சு, புடிங்க!” என்றார். எங்கள் ஆட்களே டீச்சரை இழுத்துவந்து முன்னால் உட்காரவைத்தார்கள். பேய் பிடித்தவள் என்று அன்று பெயர் வாங்கியிருந்தால் பள்ளியிலும் சபையிலும் அவருக்கு இடமிருந்திருக்காது. அவர் திமிறவில்லை.

“எனக்கும் ஜெபம் பண்ணுங்க. ஆனா எல்லாரும் கண்ணத் தொறந்து வெச்சுக்குங்க” என்றார்.

அத்தனை பேர் பார்க்க அந்தக் கட்டைவிரல் சும்மா கிடந்தது. ஜெபம் சீக்கிரமே முடிந்துபோனது. மறுநாள் ரெபேக்காளைப் பஸ்ஸில் சேலத்து டாக்டரிடம் கூட்டிப்போனவரும் டீச்சர்தான்.

திரும்பி வந்தவரைப் பாராட்டப் போனேன். முகம் கடுகடுவென்று இருந்தது.

“அந்தப் புள்ளைக்காகப் பேசுனேனா, நாலு பேரு முன்னால அந்தாளைக் கவுக்கோணும்னு பேசுனேனான்னு தெரியல சாமி. எனக்குள்ளயும் ஒருத்தன் கக்கத்துல பைபிளோடதான் நிக்கறான்.”

எவரையும் லேசில் நம்பாத நான் அவரை முழுதாக நம்பியது அன்றுதான்.

அடக்கத்தின்போது ஆயர், “கண்களை மூடி ஜெபிப்போம்” என்றார். நான் மூடவில்லை. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். எனக்கு மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், இடுப்பில் பேரக்குழந்தையோடு ரெபேக்காள் நின்றாள். கன்னமெல்லாம் கண்ணீர். ஆனால் கண்ணை மூடாமல் ஆயரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.