பீரோவுக்குள் பூட்டிய பம்ப்

பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைக்கும்போது ஒரு நெடி வரும். ஆரணியில் எங்கள் தெருக்காரர்கள் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் விசில் ஊதும்...

தொண்ணூறுகளில் எட்டாவது படித்தேன். பி.டி. பீரியடில் மற்றவர்கள் கோகோ ஆடுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து அவர்களுடைய வாட்ச், வளையல்களுக்குக் காவல்.

அந்த வருஷம் வேலூர் டாக்டர் ஒருவர் வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சும் மருந்து பம்ப் இரண்டு கொடுத்தார்.

"காப்பிக் கலரு தெனமும் போடணும்மா, நல்லா இருந்தாலும். நீலம், மூச்சு முட்டும்போது மட்டும்."

கொஞ்ச நாளில் இரவெல்லாம் தூங்கினேன். மாடிப்படி ஓடி ஏறினேன். "சனிக்கிழமை செலக்‌ஷனுக்கு வா" என்றார் பி.டி. டீச்சர். கோகோ டீமைத் தவிர வேறு நினைப்பே இல்லை எனக்கு.

எங்கள் வீட்டில் விலை உயர்ந்தது எதுவானாலும் ஜரிகை வைக்கும் பீரோவுக்குத்தான் போகும். பம்பும் போனது. சாவி அப்பாவிடம்.

அம்மாவுக்கு இன்னொரு கவலை. "வெளிய வெச்சா வர்றவங்க பாப்பாங்க. பொண்ணுக்கு இழுப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்க?"

நான் தேறியதும் காப்பிக் கலரையும் நிறுத்திவிட்டாள். "அதான் நல்லா ஓடிகினு கீறியே... இன்னும் இன்னாத்துக்கு? பழகிப்பூடும்."

செலக்‌ஷனில் முதல் ஆட்டத்திலேயே மூச்சு கட்டிக்கொண்டது. டீச்சர் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அப்பா சாவியோடு சேவூர் போயிருந்தார். அம்மா பீரோவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்...

அப்பா வந்து திறந்தார். எனக்கு மூச்சு திரும்பியதும் இரண்டு பம்பையும் எடுத்து டி.வி. மேல் வைத்தார்.

"இனிமே இங்கதான் இருக்கும். பாக்கறவங்க பாக்கட்டும்."

மறுநாளிலிருந்து காப்பிக் கலரை அம்மாவே ஞாபகமாகக் கொடுத்தாள். அதற்குள் டீமில் ஆள் நிரம்பிவிட்டது. ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி. அங்கே கோகோ கிடையாது.

இன்று என் மகளுக்கும் வீசிங் உண்டு. பம்ப் ஸ்கூல் பையிலேயே இருக்கும். "பஃப் எடுத்துட்டியாடி? ஜல்தி வா!" என்று கத்துவது அவள் கோகோ டீமின் கேப்டன்.

போன வாரம் மேட்ச் முடிந்து, வியர்வையோடு ஸ்கூட்டியில் ஏறியவுடனே ஆரம்பித்தாள்.

"தோத்துட்டோம்மா... ஒரே பேஜாரு. அந்த அம்பயருக்குக் கண்ணே தெரியல."

வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டினேன். எட்டாவது படிக்கும்போது எனக்கும் அப்படி ஒரு தோல்வி கிடைத்திருக்கக் கூடாதா...