முதுகுக்கு லைசென்ஸ் உண்டு... சோற்றுக்கு?

போன செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளையின் சேர்ட்டிபிக்கேட் என் வாயில் இருந்தது.

நான் அதிகம் பேசாத ஆள். இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும். பேசப் பஞ்சி, அலுப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று தப்ப முடியவில்லை.

எங்கள் பகுதியான கிரவீனில் ஒரு சின்ன கிளினிக். மேசையில் லேப்டாப். அதற்குள் மெல்பேர்னிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பக்கத்துக் கதிரையில் அபி. முதுகெலும்பைத் திருப்பிச் சரிசெய்கிற கைரோபிரக்டர். எங்கள் சனத்துப் பிள்ளை, ஆனால் இங்கே ஆஸ்திரேலியாவில் பிறந்தவள். மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

லேப்டாப் கேட்டது: "உங்கள் மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல இரண்டு மாதம் பின்னால் போகவேண்டும்.

நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். முன்னால் பெட்டி மறைக்கும். ஆகவே கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடிதான் பாதி நாள் வண்டி போகும். பல வருடம் அப்படிப் பார்த்ததில் முதுகு போய்விட்டது. ஒருநாள் சப்பாத்து மாட்டக் குனிந்தேன். நிமிரவில்லை.

மனைவி கமலா பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன தேடுறியள்?"

"ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் குனிஞ்சு நிக்கிறியள்?"

"நிமிர ஏலாது."

அவள்தான் அபியின் பெயரைச் சொன்னாள். "சிவம் அண்ணையின்ர மகள் கிளினிக் திறந்திருக்கிறாள். முறிவு நெரிவு பாக்கிறவளாம்."

முறிவு நெரிவு. ஊரில் எலும்பு முறிந்தால், சுளுக்கினால் எண்ணெய் போட்டுக் கட்டுகிற நாட்டு வைத்தியருக்கு, பரியாரிக்கு, நாங்கள் சொல்லும் பெயர். கைரோபிரக்டருக்கு எங்களிடம் வேறு தமிழ் இல்லை. பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. எனக்குத் தெரியவில்லை.

அபி கெட்டிக்காரி. குப்புறப் படுக்கவைத்தாள். "மூச்சு எடுங்கோ அங்கிள்... ஹோல்ட்... விடுங்கோ." கடக். கட்டிலா, முதுகா என்று தெரியவில்லை. எழும்பினேன். நிமிர்ந்தேன்.

"தாங்ஸ் டொக்டர்" என்றேன்.

"டொக்டர்தான் அங்கிள். பட், அந்த டொக்டர் இல்லை. அம்மா அதுக்கு இன்னும் அழுறா."

மூன்றாம் முறை போனபோது சாப்பாடு பற்றிக் கேட்டாள்.

"காலமை என்ன சாப்பிடுவீங்க?"

"பாண்."

"மத்தியானம்?"

"சோறு. கறி."

"என்ன கறி?"

"இருக்கிற கறி."

இதை எழுத அவளுக்கு ஒரு முழுப் பக்கம் தேவைப்பட்டது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"அங்கிள், வயிறு குறைஞ்சா முதுகுக்கு லோட் குறையும். உங்களுக்கு ஒரு... ஒரு..." தமிழ்ச் சொல் வரவில்லை. தாயை அழைத்தாள், ஸ்பீக்கரில். "அம்மா, டயட் பிளானுக்குத் தமிழ் என்ன?"

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. பிறகு தாய் சொன்னார்: "பத்தியம்."

அபிக்குச் சந்தோசம். "அங்கிள், நான் உங்களுக்குப் பத்தியம் தாறன்!"

தாளுடன் வீட்டுக்கு வந்தேன். கமலா வாங்கிப் பார்த்தாள். அவள் வெஸ்ட்மீட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. சாப்பாட்டு விசயத்தில் அவளை ஏய்க்க முடியாது.

"ஒரு கப் ஜெலி குடுக்கிறதெண்டாலும் நாங்கள் தாளில இருக்கிறபடிதான் குடுக்கோணும். அந்தத் தாளுக்கு டயற்றீசியன் கையெழுத்து வைக்கோணும். இந்தப் பிள்ளை முதுகை முறிச்சுப் போட்டுச் சோத்தைக் குறையெண்டு எழுதியிருக்கு. ஆர் பெர்மிஷன் குடுத்தது?"

"தெரியாது."

"கேளுங்கோவன்!"

நியாயமான கேள்விதான். ஃபோர்க்லிஃப்ட்டில் ஏற எனக்கு ஓர் அட்டை வேண்டும். கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடிக்கவும் ஒரு கோர்ஸ் செய்துவிட்டுத்தான் நிற்கிறேன். என் சோற்றைக் குறைக்கிறவருக்கு ஒன்றும் வேண்டாமா?

அடுத்த முறை கேட்டேன். "பிள்ளை, சாப்பாடு சொல்லச் சேர்ட்டிபிக்கேட் இருக்கோ?"

அபி கோபிக்கவில்லை. கதிரையை இழுத்து முன்னால் வந்தாள்.

"முதுகுக்கு இருக்கு அங்கிள். யூனியில அஞ்சு வருசம். ரெஜிஸ்டர் பண்ணியிருக்கிறன். சாப்பாட்டுக்கு இன்னும் இல்லை. கோர்ஸ் செய்யிறன். எக்ஸாம் பாஸ். கேஸ் ஃபைல் ஆறு குடுக்கோணும். மெல்பேர்ன்ல ஒரு சூப்பர்வைசர் எல்லாத்தையும் செக் பண்ணுவா."

"இல்லாட்டி?"

"இல்லாட்டியும் சொல்லலாம். இஞ்ச ஆர் வேணுமெண்டாலும் நியூட்ரிஷனிஸ்ட் எண்டு போர்ட் போடலாம். சட்டம் தடுக்காது."

எனக்குத் தலை சுற்றியது. முதுகெலும்பை ஒரு சுண்டு திருப்ப ஐந்து வருடம். என் வாய்க்குள் போவதைத் தீர்மானிக்க ஒரு போர்டு போதும். பலகைக்கும் பெயிண்டுக்கும் மட்டும்தான் செலவு.

"அப்ப ஏன் கஷ்டப்படுறியள்?"

"எனக்குத் தெரியாதே அங்கிள். அதான்."

இப்படிச் சொல்கிற ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை. "நான் வாறன்" என்றேன். கேஸ் நம்பர் மூன்று ஆனேன்.

படிவம் தந்தாள். ஏழு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கமாக வாசித்தும் காட்டினாள், இங்கிலீஷில்தான். நடுவில் மாத்திரை பற்றியும் ஏதோ வந்தது.

"விளங்கிச்சா அங்கிள்?"

"ஓம்."

இந்த ஓம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்த நாட்டில் நாங்கள் ஓம் சொல்லித்தான் காலம் தள்ளுகிறோம். பாங்கில் ஓம். போனில் கரண்ட் விற்கிறவனுக்கு ஓம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்ன சொன்னாலும் ஓம், ஓம். அதற்கு விளங்கியது என்று அர்த்தமில்லை. கேட்டது போதும், வீட்டுக்குப் போகவிடு... அதுதான் அர்த்தம்.

பத்தியம் தொடங்கியது.

எங்களில் பரியாரி பத்தியம் சொன்னால் சட்டம் ஒன்றுதான். அது முடியும்வரை இங்கிலீஷ் மருந்தைத் தொடக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று முறிக்கும். இதை யாரும் எழுதித் தருவதில்லை. பத்தியம் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எனக்குப் பிரஷர். தினமும் ஒரு குளிசை. பெட்டியோடு மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன். கமலாவுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

மூன்று கிழமை. சோறு பாதி. பருப்பு, கீரை, மீன். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. முதுகு நோ குறைந்தது. அபி கிராஃப் போட்டாள். "அங்கிள், நீங்கதான் என்ர பெஸ்ட் கேஸ்!"

பிறகு குடும்ப டொக்டரிடம் போனேன். மதுரைக்காரர். மெஷினை மாட்டினார். காற்று ஏறியது, இறங்கியது. மெஷினைத் தட்டிப் பார்த்தார். திரும்ப மாட்டினார். மூன்றாம் தரம் வேறு மெஷின்.

"சார், மாத்திரை போடுறீங்களா?"

"இல்லை."

"ஏன் சார்?"

"பத்தியம்."

"யாரு குடுத்தாங்க?"

"முதுகு பாக்கிற பிள்ளை."

மூன்று பதிலும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் சுத்தப் பொய். குறையப் பேசுவதால் இப்படியும் வரும்.

டொக்டர் முகம் சிவந்துவிட்டது. "முதுகைப் பிடிச்சுவிடுறவங்க பிரஷர் மாத்திரையை நிறுத்துறாங்களா? நல்லா இருக்கே! பக்கவாதம் வந்தா அவங்களா வந்து தூக்குவாங்க? முதல்ல நீங்க இன்னைக்கே மாத்திரையைப் போடுங்க. நான் லெட்டர் எழுதுறேன். அவங்களுக்கு ஒண்ணு. ஒழுங்கா பதில் வரலைன்னா அவங்க ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கிற இடத்துக்கு ஒண்ணு."

அவள் சொல்லவில்லை என்று வாயைத் திறப்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

அன்று பின்னேரம் கமலாவுக்குச் சொன்னேன். லாச்சியைத் திறந்து பார்த்தாள். பெட்டியை எடுத்து எண்ணினாள்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? அவள் நிப்பாட்டச் சொல்லேல்லை எண்டு அந்த டொக்டரிட்டச் சொல்ல ஏலாதா?"

"நேரம் கிடைக்கேல்லை."

"நாலு சொல்லுக்கு நேரம் கிடைக்கேல்லை! அந்தப் பிள்ளையின்ர அஞ்சு வருசப் படிப்பையும் சேர்த்தெல்லோ விழுத்தப் போறியள்!"

கடிதம் எனக்கு முன்னால் கிளினிக்குக்குப் போய்விட்டது. நான் போனபோது அபி அதை இரண்டாய் மடித்து வைத்திருந்தாள்.

"நான் ஸ்டொப் பண்ணச் சொல்லேல்லையே அங்கிள்."

"இல்லை."

"பேஜ் ஃபைவ்ல இருக்கு. வாசிச்சனான். நீங்க ஓம் எண்டனீங்க."

"ஓம்."

சொன்ன பிறகுதான் அதுவும் ஓம் என்று கவனித்தேன்.

பத்தியம் என்றால் என்ன என்று சொன்னேன். முழுவதும். அவள் கேட்டுக்கொண்டே போய்க் கை கழுவினாள். கழுவிய கையைத் திரும்பவும் கழுவினாள்.

"என்னை விட்டிடுங்கோ பிள்ளை" என்றேன். "கடிதத்துக்கு நான் பதில் சொல்லுறன். ஃபைலைக் கிழிச்சுப் போட்டு வேற ஆளைப் பிடியுங்கோ. மெல்பேர்னுக்கு ஏன் தெரியோணும்?"

"அது சீட்டிங் அங்கிள்."

"ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

கடிதத்தை அவளே ஸ்கான் செய்து மெல்பேர்னுக்கு அனுப்பினாள். என் கண் முன்னால். மாத்திரையை நிறுத்தச் சொன்னது அவள்தான் என்று முடிவானால் கோர்ஸ் அவ்வளவுதான். பிறகு முதுகுக்கான பதிவுக்கும் கேள்வி வரும். சூப்பர்வைசர் பதில் போட்டார்: நோயாளியுடன் நேரில் பேசவேண்டும்.

இப்படித்தான் செவ்வாய்க்கிழமை வந்தது. லேப்டாப் என்னைப் பார்த்தது. அபி என்னைப் பார்த்தாள்.

"நானே நிறுத்தினேன்" என்றேன். இங்கிலீஷில்.

"ஏன்?"

இங்கேதான் வழக்கமாக நான் தோளைக் குலுக்குவேன். குலுக்கினால் பிள்ளை போய்விடும்.

பேசினேன். பரியாரி பற்றிச் சொன்னேன். பத்தியம் என்ற சொல்லைச் சொன்னேன். அவள் தந்தது சாப்பாட்டுத் தாள், நான் எடுத்தது முழுப் பத்தியம் என்று சொன்னேன். "அவ சோத்தை மட்டும் குறைச்சா. மிச்சத்தை அந்தச் சொல் செய்தது." என் இங்கிலீஷில் அது எப்படி வந்ததோ தெரியாது. வியர்த்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கு வந்து நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். விசா இன்டர்வியூவிலும் அவ்வளவு பேசவில்லை.

பெண்மணி எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிக் கேட்டார். அபி சொன்னாள். பிறகு கேட்டார்:

"அபி ஐந்தாம் பக்கத்தை வாசித்து, விளங்கியதா என்று கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஓம் என்றேன்."

"விளங்கியதா?"

வெளியே ஒரு பஸ் போனது. அது போகும்வரை பார்த்தேன்.

"இல்லை."

அபி தலை குனிந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார்.

"அபி, உன் சாப்பாட்டுத் திட்டத்தில் பிழை இல்லை. உன் கேள்வியில் பிழை. 'விளங்கியதா' என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கவேண்டும். இந்தக் கேஸை நடந்தபடியே எழுது, ஒளித்துவிடாதே. கூடுதலாக இன்னொரு கேஸ் செய். அதையும் சரியாகச் செய்தால் கையெழுத்து வைக்கிறேன். அவருடைய டொக்டருக்கு நான் எழுதுகிறேன்."

லேப்டாப் அணைந்தது. அபி மூச்சை இழுத்தாள். ஹோல்ட். பிறகு விட்டாள். அவளே தனக்கு வைத்தியம் பார்த்தமாதிரி இருந்தது.

கூடுதல் கேஸுக்கு ஆள் வேண்டுமே? சனிக்கிழமை கமலா போனாள். மத்தியானம் என்ன சாப்பிடுவீர்கள் என்று அபி கேட்டாளாம். பதில் சொல்லிமுடிய ஒரு மணித்தியாலம். இடையில் ஆஸ்பத்திரிக் குசினி, ஜெலி, என் லாச்சி எல்லாம் வந்திருக்கிறது. அபியின் பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

நானும் முதுகுக்குப் போகிறேன். குளிசை போடுகிறேன். சோறு பாதிதான். ஆனால் அபி இப்போது "விளங்கிச்சா அங்கிள்?" என்று கேட்பதில்லை.

"என்ன விளங்கிச்சு, சொல்லுங்கோ பாப்பம்" என்கிறாள்.

முதுகு நோவே பரவாயில்லை.