மஞ்சளாகவே நின்ற ஆரத்தி

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீரைச் சோதிப்பது என் வேலை. தண்ணீர் அமிலமாக வரும். சுண்ணாம்பைக் கலந்து அதன் அமிலத்தை அடக்கி, நிறம் மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவோம். அடக்காமல் விட்டால் ஆற்றில் மீன் மிதக்கும், அதிகாரிகள் வருவார்கள், மேலாளர் என்னைத் தேடுவார். இந்த மூன்றில் எனக்குப் பயம் மேலாளரிடம்தான்.

கல்யாணத்தன்று இதையெல்லாம் மறந்துவிடச் சொல்லி அம்மா கறாராக உத்தரவு போட்டிருந்தார். தலையைக் குனிந்தபடி நிற்க வேண்டும், கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதையும் பாதியாகச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அம்மாவின் நிரந்தரக் கவலை.

பீடோங் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, சிடாம் கிரியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இறங்கினோம். நல்ல நேரம் முடியக் கொஞ்சம்தான் பாக்கி. வாசலில் மாமனாரின் தங்கை ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். நான் சின்னம்மா என்று கூப்பிட வேண்டியவர். ஓயாமல் வெற்றிலை போடுபவர், சுண்ணாம்பு டப்பா எப்போதும் இடுப்பில் இருக்கும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டார். போட்ட இடம் மட்டும் சிவந்தது, மறு நொடியே வெளுத்து மஞ்சளானது. இன்னொரு சிட்டிகை போட்டார். அதுவும் அப்படியே. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

முதலில் மஞ்சள் தூள்மேல் பழி விழுந்தது. கடைக்காரன் மாவு கலந்துவிட்டானாம். பிறகு சுண்ணாம்பு பழசு என்றார்கள். அப்போதுதான் அந்தச் சுண்ணாம்பைத் தடவி வெற்றிலை போட்டு வாய் சிவந்திருந்த சின்னம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சுண்ணாம்பின் மானத்தைக் காப்பாற்ற அவருக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு வந்து நின்ன நேரம் அப்படி லா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பேச்சோடு உள்ளே போனால் இனி அந்த வீட்டில் பால் திரிந்தாலும் மோட்டார் சைக்கிள் பஞ்சரானாலும் நான்தான் காரணம். அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினார். பேசாதே என்று அர்த்தம். என் கணவரோ, கட்டி முழுசாக இரண்டு மணி நேரம் கூட ஆகாத கணவர், வேட்டி நழுவாமல் பிடித்துக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்.

நான் தட்டை உற்றுப் பார்த்தேன். மஞ்சள், காரத்தைக் கண்டால் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே கிடக்கும். சுண்ணாம்பு காரம். அது விழுந்த இடத்தில் சிவப்பு வந்து ஓடுகிறது என்றால் தண்ணீரில் அமிலம் இருக்கிறது. தினமும் பார்க்கிற கூத்துதான். மல்லிகைக்கும் சாம்பிராணிக்கும் அடியில் மெல்லிய நெடி ஒன்றும் மூக்கில் ஏறியது. ரப்பர் பாலை உறைய வைக்கிற அமிலம். எங்கள் பக்கம் அதைச் சுக்கா என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் மாமனாருக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள்.

"சின்னம்மா, இது சுக்கா தண்ணி" என்றேன். "எந்த வாளியில மோந்தீங்க?"

பின்னால் குழாயடியில் இருந்த நீல வாளியில் என்றார். எல்லாரும் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மாவிலைத் தோரணத்தில் எத்தனை இலை என்று எண்ணுகிறவரைப் போல அண்ணாந்து நின்றார். மறுநாள் ரப்பர் பாலை உறைய வைக்கக் கலந்து வைத்தது என்று பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

வேறு தண்ணீரில் கலக்கலாம் என்றேன். கலந்த ஆரத்தியைச் சுற்றாமல் ஊற்றக் கூடாது என்று சின்னம்மா அடம்பிடித்தார். அப்படியானால் இன்னும் சுண்ணாம்பு போடுங்கள் என்றேன். டப்பா காலியாகக் காலியாக அவர் முகம் வாடியது. நான் தலை குனிவதை மறந்து, ஆய்வகத்தில் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்வதைப் போலவே, கலக்குங்கள், இனி கொஞ்சமாகப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக டப்பாவை வழித்துப் போட்டதில் தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் சிவந்தது. யாரோ கை தட்டினார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் வலது காலை உள்ளே வைத்துவிட்டேன். சின்னம்மா மட்டும் வாய் நிறைய வெற்றிலையோடும் சுண்ணாம்பு இல்லாமலும் மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்த பார்வை மாறவில்லை.

அன்று சாயங்காலம் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சுக்கா செடிகொடிக்கு ஆகுமா என்று கேட்டார். பின்புறம் கழிவுநீர் ஓடும் காண் ஓரம் அவர் நடுகிற கங்கோங் கீரை கருகிக்கொண்டே இருந்ததாம். கண்ணு பட்டதாக நினைத்து அதற்கு மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டிருக்கிறார். மாமா அந்த வாளியை எங்கே கழுவி ஊற்றுவார் என்று கேட்டேன். மாமியார் உடனே எழுந்து மாமனாரைத் தேடிப் போனார். அதன் பிறகு அந்தக் காணுக்குச் சுண்ணாம்பு வாங்கிப் போடுவது மாமனாரின் பொறுப்பானது. கீரை தழைத்தது. நான் வந்த நேரத்தை அப்புறம் யாரும் குறை சொல்லவில்லை என்றாலும், சின்னம்மா மட்டும் தான் சொன்னது தப்பு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

என் மகள் பிறந்து அவளை அந்த வீட்டுக்குத் தூக்கி வந்த அன்றும் அதே வாசல், அதே சின்னம்மா. தட்டில் சுண்ணாம்பைப் போட்டார். காய்ந்துபோன சுண்ணாம்பு, உடனே கரையவில்லை, தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னை எது வேண்டுமானாலும் சொல்லட்டும், இவளைச் சொன்னால் நான் பொறுக்கமாட்டேன்.

சின்னம்மா தலையைத் திருப்பி வீட்டுக்குள்ளே குரல் கொடுத்தார்.

"அண்ணே, இது எந்த வாளி?"

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். என்னையும் குழந்தையையும் ஒருவரும் பார்க்கவில்லை.