லோனாவாலா வரை இழுத்துப்போன ஆவி

அட்டையில் மண்டையோடு, உள்ளே மந்திரவாதி, ஆவி! ஒன்பதாவது படிக்கும் மகள் பாதி வாசித்திருந்த நாவலைப் பிடுங்கி, வாடகை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். நூலகம் மூடியிருந்தது. வீடு திரும்ப சிவாஜிநகரில் லோக்கல் ரயில் ஏறியதும், அப்படி என்னதான் இருக்கிறது என்று பிரித்தேன். ஆவியை அடைத்த கதவின் முன் கதாநாயகன் நிற்கிறான். நிமிர்ந்தால், நான் இறங்கவேண்டிய கட்கி எப்போதோ போய், கடைசி நிலையமான லோனாவாலாவே வந்துவிட்டது!

இவ்வளவு நேரம் காணோமே என்று வீட்டில் பயந்துபோயிருந்த மனைவியிடம், லோனாவாலாவில் வாங்கிய சிக்கிக் கடலைமிட்டாயை நீட்டினேன். மகளுக்குப் புரிந்துவிட்டது.

"கதவைத் திறந்துட்டானாப்பா?"

"திறந்துட்டான், அந்த முட்டாள்!"

"திறக்கலைன்னா உள்ள மாட்டியிருக்கிற அவன் தங்கச்சிய யாருப்பா காப்பாத்துவாங்க?"

சாதம் ஆறும்வரை வாதாடினோம்.

இப்போதெல்லாம் புத்தகத்தைப் பிடுங்குவதில்லை; அவள் முடிக்கும்வரை காத்திருந்து படிக்கிறேன். ரயிலில் மட்டும் பிரிப்பதில்லை. அதில் மனைவிக்குத்தான் வருத்தம். சிக்கி தீர்ந்துவிட்டதாம்.